சிஸ்கோ ரவுட்டர் பூட் செட்டிங்: பல வருஷம் யூஸ் பண்ணதுல தோணினது

சிஸ்கோவோட ஐஓஎஸ்ங்கற இயங்குதளம் (ஆப்பிளோடது இல்ல) ஓடுற ரவுட்டரோடதான் பல வருஷமா குப்பை கொட்டிட்டு இருக்கேன், ஆன் ஆகும்போது எந்த இமேஜ (ஐஓஎஸ் ஃபைல) ஏத்தணும்னு சொல்ற பூட் சிஸ்டம் லைன் எழுதாம எந்த ரவுட்டரையும் விடக்கூடாதுங்கறதுதான் என் கட்சி. எழுதலன்னா ஃப்ளாஷ்ல (ரவுட்டரோட ஸ்டோரேஜ்) முதல்ல எந்த இமேஜ் இருக்கோ அதத்தான் தூக்கும், புதுசு காப்பி பண்ணி ரீலோட் அடிச்சாலும் பழசுலயே ஜம்முனு வந்து நிக்கும்.

வரிசையும் முக்கியம். இந்த லைன்கள மேலருந்து ஒவ்வொண்ணா ட்ரை பண்ணும், புதுசா அடிக்கிற லைன் கடைசில போய் உக்காரும், அதனால அப்கிரேட்னாலே நோ பூட் சிஸ்டம் போட்டு எல்லாத்தையும் துடைச்சிட்டு புது இமேஜ் முதல்ல, பழசு ரெண்டாவது, முடிஞ்சா மூணாவதா டிஎஃப்டிபி சர்வர்னு (நெட்வொர்க் வழியா ஃபைல் தர்ற மெஷின்) திரும்ப எழுதிருவேன். இடம் பத்தலன்னு பழச அழிக்கிறவங்கள பாத்தா பகீர்னு இருக்கும். புதுசு கரப்ட் ஆச்சுன்னா ரோம்மான்தான் (ஐஓஎஸ் ஏறாம நிக்கிற அவசர மோடு), அங்க கன்சோல் கேபிள் வழியா எக்ஸ்மோடம்ங்கற பழைய ஃபைல் டிரான்ஸ்ஃபர் முறைல இறங்கினா 9600 பிட்/செகண்ட் ஸ்பீட்ல 60 எம்பி இமேஜ் ஏற 18 மணி நேரம், 115200க்கு மாத்தினாலும் ஒன்றரை மணி நேரம் உக்காரணும். காப்பி முடிஞ்சதும் ஃபைல் சரியா வந்துச்சான்னு எம்டி5 செக்சம் வச்சு வெரிஃபை பண்ணிட்டா இந்த தலைவலியே இல்ல.

அடுத்தது கான்ஃபிக் ரெஜிஸ்டர், ரவுட்டர் எப்படி பூட் ஆகணும்னு சொல்ற ஹெக்ஸ் நம்பர். நார்மலா 2102, கடைசி இலக்கம் 0 ஆனா ரோம்மான்லயே நின்னுரும், 2 இல்ல அதுக்கு மேலன்னா பூட் சிஸ்டம் லைன பாக்கும். வில்லங்கம் புடிச்சது 2142தான், ஸ்டார்ட்டப் கான்ஃபிக (சேவ் பண்ணி வச்ச செட்டிங்க) கண்டுக்காம பூட் ஆகும். பாஸ்வேர்டு ரிகவரிக்கு போட்டவங்க மாத்தாம போயிருப்பாங்க, என்னைக்கோ கரண்ட் போய் வந்ததும் இனிஷியல் கான்ஃபிகரேஷன் பண்ணணுமான்னு கேட்டுட்டு பச்சக்குழந்த மாதிரி நிக்கும். கான்ஃபிக் எங்கயும் போகல, என்விராம்ல (கரண்ட் போனாலும் அழியாத மெமரி) அப்படியேதான் இருக்கும், ஆனா அந்த பதட்டத்துல யாராவது ரைட் (சேவ் கமாண்ட்) அடிச்சாங்கன்னா போச்சு, காலி கான்ஃபிக் அது மேல ஏறிரும். ஸ்டார்ட்டப்ப ரன்னிங்குக்கு (இப்போ ஓடுற கான்ஃபிக்) காப்பி பண்ணு, ஷட்ல (ஆஃப்ல) கிடக்கிற இன்டர்ஃபேஸுக்கெல்லாம் நோ ஷட் குடு, ரெஜிஸ்டர 2102 ஆக்கு, அப்புறம்தான் சேவ்.

ரீலோடுக்கு முன்னாடி ஷோ வெர்ஷன் கமாண்டோட கடைசி வரிய பாக்காம நான் கை வைக்கிறதில்ல, இப்போ 2142, அடுத்த ரீலோட்ல 2102னு ரெண்டையும் அங்கயே காட்டும். ரெஜிஸ்டர் மாத்தினா தானா பதிஞ்சிரும், பூட் சிஸ்டம் லைன் அப்படி இல்ல, பூட் செட்டிங்க காட்டுற ஷோ பூட்வார் கமாண்ட்ல புது இமேஜ் பேர் வரலன்னா இன்னும் ரைட் மெமரி அடிக்கலன்னு அர்த்தம்.