மடங்கிய விரலுக்கு ஊசியா, அறுவையா?

டுபுயிட்ரன் நோய் வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களிடம், 50 வயதுக்கு மேல் அதிகம். நம்மவர்களிடம் குறைவு, வந்தால் சர்க்கரை நோயும் கூடவே இருக்கலாம். உள்ளங்கைத் தோலுக்கு அடியிலுள்ள நார்ச்சவ்வு தடித்துக் கயிறாகி, பெரும்பாலும் மோதிர விரலையோ சுண்டு விரலையோ உள்ளே இழுத்துவிடும். மடங்கிச் சிக்கி, 'டக்'கென்று விடுபடும் விரல் வேறு. அது டிரிகர் ஃபிங்கர்.

கையை மேசைமேல் தட்டையாக வைக்க முடிகிறவரை அவசரமில்லை. எண்ணெய் தேய்த்தாலும் நீவிவிட்டாலும் கயிறு கரையாது. விரலின் அடி மூட்டு 30 டிகிரி மடங்கிவிட்டால் சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம்.

அடி மூட்டு மட்டும் மடங்கிய வயதானவருக்கு ஊசிதான் முதலில் என்பது என் கட்சி. தோலை மட்டும் மரக்கச் செய்து, ஊசி முனையால் கயிற்றைச் சில இடங்களில் அறுத்து, விரலை நிமிர்த்துவார்கள். நரம்பை வேண்டுமென்றே மரக்கச் செய்வதில்லை: ஊசி அதைத் தொட்டால் விரல் நுனியில் ஷாக் அடிக்கும், உடனே சொல்லிவிடலாம். தோல் கிழிவதுண்டு, கட்டுப் போட்டால் ஆறிவிடும். அறுவையில் கயிற்றையே வெட்டி எடுப்பார்கள். தையல், வீக்கம், வாரக்கணக்கில் பயிற்சி எல்லாம் உண்டு.

ஊசிக்கு எதிரான பெரிய வாதம், நோய் திரும்புவது. 2012-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், ஐந்தாண்டுக்குள் ஊசி போட்டவர்களில் 84.9 சதவீதத்தினருக்கும் அறுவை செய்தவர்களில் 20.9 சதவீதத்தினருக்கும் திரும்பியது. வித்தியாசம் பெரிதுதான். ஆனால் திரும்பிய பிறகு என்ன செய்வது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊசியை மறுபடி போடலாம்; பிறகு அறுவைக்கும் போகலாம். ஒருமுறை அறுத்த இடத்திலோ நரம்பும் ரத்தக்குழாயும் தழும்போடு ஒட்டியிருக்கும். இரண்டாம் அறுவையில் அவை வெட்டுப்படும் அபாயம் கூடுகிறது. மேலும், அதே ஆய்வில் வயது கூடக்கூட நோய் திரும்புவது குறைந்தது; மறுபடி வந்தால் ஊசியே போதும் என்றவர்கள் 53 சதவீதம்.

நடு மூட்டு மடங்கியிருந்தால் என் பேச்சு எடுபடாது. அங்கே மூட்டுறையே சுருங்கியிருக்கும், நரம்பும் கயிற்றைச் சுற்றித் தோலருகே வந்திருக்கலாம். அதற்கு அறுவைதான். இளவயதில் இரு கைகளிலும் வேகமாக வளர்ந்தாலும் அப்படியே; சிலருக்குத் தோல் ஒட்டுச் சிகிச்சையும் தேவைப்படும்.

கயிற்றைக் கரைக்கும் கொலாஜினேஸ் மருந்துக்கு அமெரிக்காவில் 2010-இல் அனுமதி கிடைத்தது. 2020-இல் ஐரோப்பியச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. கதிர்வீச்சு, விரல் மடங்குமுன் உள்ளங்கையில் தோன்றும் ஆரம்பக் கட்டிகளுக்கு மட்டுமே. மடங்கியதை நிமிர்த்தாது, கிடைக்கும் சான்றும் மெலிது.

மருத்துவரிடம் ஒவ்வொரு மூட்டும் எத்தனை டிகிரி என்று தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள். அவர் ஊசி, அறுவை இரண்டையும் செய்பவரா என்றும் கேளுங்கள். ஊசியே எடுக்காதவர் அறுவையைத்தான் சொல்வார்.