எங்கள் ட்ரவுட் சங்கம்: ஒரு வருட அனுபவம்

ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனுக்கான இந்தச் சங்கத்தில், தூண்டில் போடக் கற்றுக்கொள்ளத்தான் சேர்ந்தேன். முதல் நாள் தூண்டிலே தரவில்லை. ஓடையில் இறங்கிக் கல்லைப் புரட்டச் சொன்னார்கள். அடியில் மணல்துகள்களை ஒட்டிக் கட்டிய விரல்நுனி அளவுக் கூடு, அதற்குள் கேடிஸ் என்ற பூச்சியின் புழு! இந்த மாதிரிப் பூச்சிகள்தான் ட்ரவுட்டுக்குச் சாப்பாடு.

அப்புறம் கரையோரம் வில்லோ மரக் குச்சிகள் நட்டோம். வேர் பிடித்தால் மண் சரியாது. சரிந்த வண்டல் சரளைக்கற்களை மூடினால் அவற்றுக்கிடையே ட்ரவுட் இட்ட முட்டைகள் மூச்சுமுட்டிச் செத்துவிடும். நிழலும் வேண்டும், தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே ட்ரவுட் திணறும்.

மீன்பிடிப் பயிற்சி அருமை. எதிர்முள் (பின்னோக்கிய கூர்முனை) இல்லாத கொக்கி, கையை நனைத்துவிட்டே மீனைத் தொட வேண்டும். என் முதல் மீன் உள்ளங்கையில் ஒரு நொடி நின்றுவிட்டுப் பாய்ந்தது. இரவல் பூட்ஸ்தான் எல்லாருக்கும் போதவில்லை. சரி, அடுத்த வருடச் சந்தாவும் கட்டிவிட்டேன்.