பீனட் பட்டர்: கடை ஜாரா, ‘நேச்சுரலா’, வீட்டு மிக்ஸியா?

மூன்று பீனட் பட்டர் ஜார்களை வரிசையாக வைத்து மூடியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது எண்ணெய்தான். சாதாரணக் கடை ஜாரில் எண்ணெயே தெரியாது. கரண்டியைக் குத்தினால் அப்படியே நிற்கும். ‘நேச்சுரல்’ என்று விற்பதில் மேலே விரல் கனத்துக்கு எண்ணெய், அடியில் சிமென்ட் மாதிரி இறுகிய கடலை. வீட்டில் நேற்று அரைத்தது இரண்டுக்கும் நடுவே தளதளவென்று இருக்கும். எதைப் பிரெட்டில் தடவலாம், எதைக் குக்கி மாவில் போடலாம், எதைச் சாக்லெட்டுக்குள் அடைக்கலாம் என்று முடிவு செய்வது அந்த எண்ணெய்தான். ருசிச் சண்டையெல்லாம் அதற்குப் பிறகு.

வேர்க்கடலையின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அரைக்கும்போது அது வெளியே வந்து, கடலைத் துகள்கள் அதில் மிதக்கின்றன. துகள் கனம், எண்ணெய் லேசு; அதனால் நாள்பட நாள்பட இரண்டும் பிரிந்துவிடும். இந்தத் தொல்லைக்கு 1920களின் தொடக்கத்தில் வழி கண்டவர் அமெரிக்காவின் ஜோசப் ரோஸ்ஃபீல்ட். ஹைட்ரஜனேற்றிக் கெட்டியாக்கிய எண்ணெயைக் கொஞ்சம் சேர்த்தால், அந்தக் கெட்டிக் கொழுப்பு படிகமாகி வலைபோல் நின்று, திரவ எண்ணெயை மேலே ஏற விடாது. இன்றைய சாதாரண ஜார்களிலும் இதே வித்தைதான். பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதமே போதும். சில நிறுவனங்கள் அதற்குப் பதில் பாமாயில் போடுகின்றன. ‘நேச்சுரல்’ என்று முன்பக்கம் எழுதியிருந்தும் எண்ணெய் பிரியவே இல்லையென்றால், பின்பக்கத்தில் பாமாயில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹைட்ரஜனேற்றிய எண்ணெய் என்றதும் இதயத்துக்கு ஆகாத டிரான்ஸ் கொழுப்பு நினைவுக்கு வரும். முழுமையாக ஹைட்ரஜனேற்றியதில் அது மிகச் சொற்பம். ‘பகுதி ஹைட்ரஜனேற்றிய’ என்று இருந்தால் மட்டும் ஜாரைத் திரும்ப வைத்துவிடலாம். அமெரிக்க விதிப்படி ‘பீனட் பட்டர்’ என்று பெயர் போட வேண்டுமானால் 90 சதவீதம் கடலை இருக்க வேண்டும், குறைந்தால் ‘ஸ்ப்ரெட்’தான். கொழுப்பு குறைத்தது என்று விற்பவை பலவும் இந்த ரகம். எடுத்த கொழுப்பின் இடத்தில் சர்க்கரையும் மாவுப்பொருளும் வந்து உட்கார்வதால் கலோரி பெரிதாகக் குறைவதில்லை. இந்த ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை.

வீட்டில் அரைப்பது

பச்சைக் கடலை 500 கிராம். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை வாசம் அடிப்பது எல்லாவற்றையும் முதலிலேயே பொறுக்கி எறியுங்கள். பூஞ்சையிலிருந்து வரும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு வறுத்தாலும் முழுதாக அழியாது. ‘ஒன்றிரண்டுதானே’ என்று விட்டால் கசப்பு மொத்த ஜாருக்கும் பரவும்.

ஓவன் என்றால் 170 டிகிரி செல்சியஸில், தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி 15 முதல் 18 நிமிடம். பாதியில் ஒரு முறை கிளறுங்கள். வாணலி என்றால் மிதமான தீயில் கைவிடாமல் 12 முதல் 15 நிமிடம். தோலின் நிறத்தை நம்ப வேண்டாம். ஒரு கடலையை இரண்டாகப் பிளந்து பார்த்தால் உள்பக்கம் வெளிர் பழுப்பாக இருக்க வேண்டும். இறக்கிய பிறகும் உள்சூட்டில் கொஞ்சம் வறுபடும் என்பதால், ‘இன்னும் ஒரு நிமிடம்’ என்று தோன்றும்போதே இறக்கிவிடுவது நல்லது. கை பொறுக்கும் சூட்டில் துணியில் போட்டுத் தேய்த்தால் தோல் உதிரும். தோலோடு அரைத்தாலும் கெடுதல் இல்லை. லேசான துவர்ப்பும் புள்ளிகளும் இருக்கும்.

வெதுவெதுப்பாக இருக்கும்போதே அரைக்க ஆரம்பியுங்கள். ஆறிய கடலையில் எண்ணெய் இளகி வர நேரமாகும். மிக்ஸியின் நடுத்தர ஜாரில் ஒரு தடவைக்கு 250 கிராம் போதும். ரொம்பக் கொஞ்சமாகப் போட்டால் கடலை சுவரில் அப்பிக்கொண்டு பிளேடு சும்மா சுற்றும். 30–40 விநாடி ஓட்டி, நிறுத்தி, சுவரை வழித்து, மறுபடி ஓட்ட வேண்டும். முதல் நிமிடத்தில் பொடியாகும். பிறகு ஈர மணல் மாதிரி கட்டிக்கொண்டு உருண்டையாகத் திரளும். நிறையப் பேர் இது ஆகாது என்று தண்ணீர் ஊற்றிக் கெடுப்பது இந்த இடத்தில்தான். இன்னும் இரண்டு மூன்று நிமிடம் ஓடினால் உருண்டை உடைந்து பசையாகும், அதற்கு மேல் பளபளவென்று இளகும். இடைவெளியைத் தள்ளிவிட்டு ஓட்ட நேரம் மட்டும் 6 முதல் 8 நிமிடம். ஜார் தொட முடியாத அளவு சுட்டால் மோட்டாரை ஐந்து நிமிடம் ஓய விடுங்கள். ஃபுட் ப்ராசசரில் ஒரே ஈட்டில் 500 கிராமும் அரையும், வழிக்கும் வேலையும் குறைவு. ஆனால் மிக்ஸி அளவுக்கு வழவழப்பு வராது.

தண்ணீர் ஏன் கூடாது? இளக வேண்டியது அதற்கு நேர்மாறாக இறுகிவிடும். எண்ணெயில் தனித்தனியாக வழுக்கிக்கொண்டிருந்த துகள்கள் ஈரம் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தேனில் 17–18 சதவீதம் தண்ணீர் இருப்பதால் தேன் ஊற்றினாலும் இதே கதை. தேன் வேண்டுமென்றால் சாப்பிடும் கிண்ணத்தில் கலந்துகொள்ளலாம், ஜாரில் வேண்டாம். இறுகித்தான் தீருவேன் என்றால் ஒன்றிரண்டு டீஸ்பூன் வாசமில்லாத எண்ணெய் விடலாம். தண்ணீர் பட்டே போயிற்றா? இன்னும் கொஞ்சம் வெந்நீர் விட்டு அடித்து சாஸாக்கி, ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

500 கிராமுக்கு அரை டீஸ்பூன் உப்பு. உப்பும் சர்க்கரையும் எண்ணெயில் கரையாது, ஆகவே இரண்டையும் மாவாகப் பொடித்துப் போட வேண்டும். கல்லாகப் போட்டால் மாதம் கழித்தும் பல்லில் நறநறக்கும். நறுக் ரகம் பிடிக்கிறவர்களுக்கு, வறுத்ததில் 100 கிராமைத் தனியே எடுத்து இரண்டு சுற்று மட்டும் உடைத்துக் கடைசியில் கரண்டியால் கலந்தால் போதும்.

பலகாரத்தில் யார் ஜெயிக்கிறார்கள்

மாவே இல்லாத குக்கி: 250 கிராம் பீனட் பட்டர், 200 கிராம் சர்க்கரை, ஒரு முட்டை. பிசைந்து உருட்டி, முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் அழுத்தி, 175 டிகிரியில் 10–12 நிமிடம். முள்கரண்டிக் கோடு அழகுக்காக மட்டும் இல்லை. இந்த மாவு அடர்த்தி, தானாகப் பரவாது, தட்டையாக்கினால்தான் நடுப்பகுதி வேகும். இந்தப் போட்டியில் சாதாரணக் கடை ஜாருக்குத்தான் முதல் இடம். அதன் கெட்டிக் கொழுப்பு ஓவன் சூட்டில் மெதுவாக இளகுவதால் குக்கி வடிவம் குலையாது. அதில் ஏற்கெனவே சர்க்கரை இருப்பதால் 160 கிராம் சேர்த்தாலே போதும். நேச்சுரல் போட்டால் எண்ணெய் தட்டில் வடிந்து, குக்கி விளிம்பில் கருகி, எடுக்கும்போது பொடிப்பொடியாகும். வீட்டுப் பசையும் அப்படித்தான், ஆனால் அதைத் திருத்தலாம்: இரண்டு டேபிள்ஸ்பூன் மைதா சேர்த்து, உருண்டைகளை அரை மணி ஃப்ரிட்ஜில் வைத்துச் சுட்டால் நிற்கும். எதில் செய்தாலும் ஓவனிலிருந்து எடுத்ததும் தொடக் கூடாது. பத்து நிமிடம் தட்டிலேயே இருந்தால்தான் இறுகும்.

ஓட்ஸ் உருண்டையில் ஆட்டம் தலைகீழ். 100 கிராம் ஓட்ஸ், 125 கிராம் பீனட் பட்டர், 80 கிராம் தேன், ஒரு சிட்டிகை உப்பு. 15 உருண்டை வரும். வீட்டுப் பசையின் இளகிய எண்ணெயை ஓட்ஸ் உறிஞ்சிக்கொள்ளும். கலந்து 20 நிமிடம் ஊறவிட்டு உருட்டினால் கையிலும் ஒட்டாது. கடை ஜார் கலவை தேன் பட்டதும் களிமண்ணாகிவிடும்; பீனட் பட்டரை முன்னதாக 15 விநாடி மைக்ரோவேவில் இளக்கிக்கொள்ள வேண்டும். நேச்சுரல் ஜாரை நன்றாகக் கலக்காமல் மேலாக வழித்துப் போட்டால் உருண்டையே எண்ணெய் கக்கும்.

சாக்லெட் கப்தான் உண்மையான பரீட்சை. உள்ளே வைக்க 120 கிராம் பீனட் பட்டர், 40 கிராம் பொடித்த சர்க்கரை, 15 கிராம் வெண்ணெய். வெளியே 200 கிராம் சாக்லெட். 12 கப் வரும். முதல் நாள் மூன்று வகையும் ஒரே மாதிரிதான் தெரியும். சில நாள் கழித்து நேச்சுரலிலும் வீட்டுப் பசையிலும் செய்தவை பிசுபிசுத்து, மேலே சாம்பல் பூத்திருக்கும். அது பூஞ்சை அல்ல. திரவக் கடலை எண்ணெய் சாக்லெட்டுக்குள் ஊர்ந்து, கோகோ வெண்ணெயை இளக்கி மேலே தள்ளியதன் அடையாளம். சாப்பிடலாம், பரிசாகக் கொடுக்க முடியாது. வீட்டுப் பசையில்தான் செய்வேன் என்றால் வெண்ணெய்க்குப் பதில் 15 கிராம் கோகோ வெண்ணெயை உருக்கிச் சேர்த்து, கப்புகளை ஃப்ரிட்ஜில் வைத்து ஐந்து நாளில் காலி செய்யுங்கள்.

ஆக, ஓவனும் சாக்லெட்டும் புழங்கும் வீட்டில் ஒரு சாதாரணக் கடை ஜார் இருக்கட்டும். தடவவும் உருட்டவும் வீட்டுப் பசைக்கு ஈடில்லை. புதிதாக வறுத்த வாசம் எந்த ஜாரிலும் வராது. வீட்டில் மிக்ஸி இருந்தால் நேச்சுரல் ஜார் வாங்கத் தேவையே இல்லை: அதே கடலை, அதே உப்பு, வறுத்து மாதங்கள் ஆனது, கலக்கும் தொல்லை வேறு. ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் முதல் நாள் இரவே மூடியை இறுக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். காலையில் அடிவரை குத்திக் கிளறி ஃப்ரிட்ஜுக்குள் தள்ளினால் மறுபடி பிரிய நெடுநாளாகும்.

யாருக்கு எது கூடாது

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் சேர்த்த எதுவும் ஆகாது, பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரும் அபாயம். சின்னக் குழந்தைகளுக்குப் பீனட் பட்டரைக் கரண்டியோடு கெட்டியாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும். மெல்லியதாகத் தடவியோ, கஞ்சியில் கரைத்தோ கொடுக்கலாம். நறுக் ரகமும் முழுக் கடலையும் நான்கைந்து வயது வரை வேண்டாம்.

கடலை ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் சூரியகாந்தி விதைப் பசை அதே அளவில் பொருந்தும். ஆனால் சமையல் சோடா போட்ட குக்கி ஆறும்போது உள்ளே பச்சை நிறமாகும். விதையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் சோடாவின் காரத்தன்மையோடு சேர்வதால் வரும் நிறம், தீங்கில்லை. சோடாவைப் பாதியாக்கி ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டால் பச்சை மட்டுப்படும். மிக்ஸி ஜாரும் கரண்டியும் மட்டும் கடலை படாதவையாக இருக்க வேண்டும்.

நாய்க்கும் ஒரு வாய் என்று நீட்டுவதற்கு முன் லேபிளில் சைலிடால் இருக்கிறதா என்று பாருங்கள். பிர்ச் சர்க்கரை என்றும், இ967 என்றும் எழுதியிருப்பார்கள். மனிதருக்குச் சாதாரண இனிப்பு. நாய்க்குச் சிறிதளவே இன்சுலினைக் குபீரென்று சுரக்கவைத்து ரத்தச் சர்க்கரையை வீழ்த்தும், ஈரலையும் கெடுக்கும். ‘சர்க்கரை சேர்க்காதது’ என்ற ஜாரில்தான் இது அதிகம் ஒளிந்திருக்கும். சாக்லெட் கப்பும் நாய்க்கு விஷம். அதற்கு உப்பு போடுமுன் எடுத்து வைத்த வெறும் வீட்டுப் பசையில் அரை டீஸ்பூன் போதும்.