அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்: கிருஷ்ணகிரியில் மூன்று நாள்

சிங்கப்பூரிலிருந்து பெங்களூரில் இறங்கி, ஓசூர் வழியாக ஊர் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் தோப்பில் மாங்காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு 74 வயது. கூடையை இறக்கி வைத்துவிட்டு வலது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சும்மா பிடிப்புடா" என்றார். நான் இருக்கும்போதே காட்டிவிடலாம் என்று மறுநாள் டவுனில் ஒரு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப்போனேன்.

வேகத்தில் குறையே சொல்ல முடியாது. காலை எட்டரைக்கு டோக்கன், ஒரு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருப்பு, பத்தரைக்குக் கையில் ரிப்போர்ட். ஸ்கேன் எடுத்தவர் அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வலது சிறுநீரகத்தில் 3.4 செ.மீ. 'சிம்பிள் சிஸ்ட்' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. என்ன இது என்று கவுன்ட்டரில் கேட்டேன். "நீர்க்கட்டி சார், டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வருவதற்குள் 'நீர்' உதிர்ந்துபோய் 'கட்டி' மட்டும் மிஞ்சியிருந்தது. எங்கள் பக்கம் கட்டி என்றால் புற்றுநோய்தான். அம்மா களி கிண்டி வைத்தார், ஆனால் அவரே சாப்பிடவில்லை. "கண்ணு, எங்கிட்ட மறைக்காதடா" என்று ராத்திரி இரண்டு தடவை எழுந்து வந்து கேட்டார். 1,100 ரூபாய் வாங்கியவர்கள் இரண்டு வாக்கியம் பேசியிருந்தால் அந்த ராத்திரி எங்களுக்கு வந்திருக்காது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

மறுநாள் அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டோம். நீண்ட வரிசை. ஆனால் உள்ளே இருந்த பெண் மருத்துவர் ரிப்போர்ட்டைப் படித்ததும் முதலில் அப்பாவைத்தான் பார்த்தார். "ஐயா, பயப்படற மாதிரி ஒண்ணுமே இல்லை." சீட்டின் பின்பக்கம் அவரைக்கொட்டை மாதிரி ஒன்று வரைந்து, ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டார். "இதுக்குள்ள தண்ணிதான் இருக்கு. சதை இல்லை."

முப்பது வயதுக்குள் இது அரிதாம். ஸ்கேன் செய்து பார்த்தால் முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் நூறு பேரில் இரண்டு பேருக்குக்கூட இருக்காது. எழுபதைத் தாண்டினால் நூற்றுக்கு 20, 30 பேருக்கு இருக்கும், ஆண்களுக்குக் கொஞ்சம் அதிகம். சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் சுவர் வயதாக ஆகத் தளர்ந்து, ஓரிடத்தில் புடைத்து, தனியாகப் பிரிந்து நீர் சேர்கிறது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். சுவர் மெல்லிசாக இருந்து, உள்ளே தடுப்போ சுண்ணாம்புப் படிவோ சதையோ இல்லையென்றால் மருந்தும் வேண்டாம், அறுவை சிகிச்சையும் வேண்டாம். அப்படி ஏதாவது தெரிந்தால்தான் சி.டி. ஸ்கேன் எடுத்து, 1986-இல் போஸ்னியாக் என்ற மருத்துவர் வகுத்த முறைப்படி தரம் பிரிப்பார்கள்.

"டயாலிசிஸ் செய்யறவங்க குடும்பத்துல யாராவது?" என்று கேட்டார். இல்லை என்றோம். இரண்டு சிறுநீரகத்திலும் கொத்துக் கொத்தாக வரும் பரம்பரை நோய் வேறு, அப்பாவுக்கு இருப்பது வேறு என்று அப்புறம்தான் விளங்கியது. ரத்த அழுத்தம் பார்த்தார், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அதுவும் சரியாகவே வந்தது. இடுப்பு வலி கூடை தூக்கியதால் வந்த தசைப்பிடிப்பு. காய்ச்சலோடு விலாவில் வலித்தாலோ சிறுநீரில் ரத்தம் போனாலோ மட்டும் உடனே வரச் சொன்னார்.

வீடு திரும்பியபோது திண்ணையில் சுகாதாரப் பணியாளர் அம்மாவுக்கு பி.பி. பார்த்துக்கொண்டிருந்தார். வீடு தேடி வந்து மருத்துவம் பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது, அன்றிலிருந்து மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அம்மாவுக்கு அன்று பி.பி. கூடுதல். ராத்திரி தூங்கவே இல்லை என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஓ.பி. சீட்டைத் திருப்பி அந்தப் படத்தைக் காட்டினேன். அம்மா அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இவ்ளோண்டு தண்ணியா?" என்றார்.

மறுநாள் காலை அப்பா தோப்புக்குக் கிளம்பினார். கூடையை மட்டும் என்னிடம் கொடுத்தார்.