கட்டட ஆய்வு என்ற பெயரில் 68,000 ரூபாய் போச்சு: பழைய வீடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று ராத்திரி எங்கள் ஹால் சீலிங் பெயர்ந்து விழுந்தது. சாயங்காலம் அம்மா உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த அதே இடம். இந்த சீலிங்கைச் சரிசெய்துவிட்டோம் என்று சொல்லி 68,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனவர்கள் இப்போது போனைக்கூட எடுப்பதில்லை. வயிறு எரிகிறது.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஆப் ஒன்றில் பிடித்த கம்பெனி அது. ‘ஸ்ட்ரக்சுரல் ஆடிட்’ (கட்டடத்தின் உறுதியைப் பார்க்கிற ஆய்வு) செய்கிறோம், விரிசலுக்குக் காரணம் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று விளம்பரம். எங்கள் வீடு நங்கநல்லூரில் அப்பா 1994இல் கட்டியது. ஹால் சீலிங்கில் நீளமாக ஒரு விரிசல், பக்கத்தில் துருக்கறை. பயந்துதான் கூப்பிட்டோம்.

வந்தவர் மரியாதையாகப் பேசினார். காங்கிரீட்டின் பலத்தைத் தட்டிப் பார்க்கிற ரீபவுண்ட் ஹாமர் என்ற கருவியை எடுத்துத் தூணில் நாலு தட்டுத் தட்டி, அதில் காட்டிய நம்பரை அம்மாவிடமே காட்டினார். “மௌலிவாக்கம் ஞாபகம் இருக்காம்மா? கவனிக்காம விட்டா அப்படித்தான் ஆகும்” என்றார். 2014 ஜூனில் 61 பேர் செத்துப்போன அந்த 11 மாடிக் கட்டடத்தை டிவியில் பார்த்து அம்மா அன்று சாப்பிடவே இல்லை. அது கட்டிக்கொண்டிருந்த புதுக் கட்டடம், எங்கள் வீட்டுப் பிரச்சினைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அம்மா முகம் மாறியதும் தூணில் கை வைத்து, “இனிமே இந்த வீட்டுக்கு நான் கேரண்டிம்மா, என்னை உங்க பையனா நினைச்சுக்கோங்க” என்றார். அந்த வார்த்தைக்குத்தான் அம்மா பணத்தை எடுத்துக் கொடுத்தார். ஆய்வுக்கு 18,000, ரிப்பேருக்கு 50,000. மொத்தம் 68,000.

இரண்டு பையன்கள் வந்து விரிசலில் எதையோ அடைத்து, மேலே பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். ரிப்போர்ட் அதற்குப் பிறகுதான் மெயிலில் வந்தது. யார் கையெழுத்தும் இல்லை, சீலும் இல்லை. 9ஆம் பக்கத்தில் விரிசல் விட்ட பால்கனி போட்டோ ஒன்று. எங்கள் வீட்டில் பால்கனியே கிடையாது!

மழை பெய்ததும் பெயின்ட் உப்பியது. போன் செய்தால் “டீம் சைட்ல இருக்காங்க மேடம்.” அடுத்து “கேரண்டி பெயின்ட்டுக்குத்தான் மேடம், லீக்கேஜுக்கு இல்ல.” ஆப்பில் கேட்டால் “வேலை முடிந்ததாக நீங்களே ஓடிபி கொடுத்துவிட்டீர்கள், புகார் மூடப்பட்டது.” ஓடிபி கொடுத்தால்தான் ரிப்போர்ட் வரும் என்று வாங்கியதே அவர்கள்தான்.

இன்று காலை, பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற இன்ஜினியர் ஒருவரை அத்தை அனுப்பிவைத்தார். அவர் சீலிங்கை அண்ணாந்து பார்த்துவிட்டு, நேராக மாடிக்குப் போய் பாத்ரூமைத் திறந்தார். ஹாலுக்கு நேர் மேலே அதுதான். தரை டைல்ஸ் இடுக்கெல்லாம் சிமென்ட் போய், தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. 68,000 வாங்கியவர்கள் மாடிப்படி கூட ஏறவில்லை.

அப்புறம் கீழே வந்து, விழுந்த இடத்தில் காங்கிரீட்டைக் கொஞ்சம் உளியால் கொத்திவிட்டு, காரத்தன்மை இருக்கிறதா என்று நிறத்தில் காட்டும் பினாப்தலீன் கரைசலை ஸ்ப்ரே செய்தார். நல்ல காங்கிரீட் என்றால் அடர்ந்த இளஞ்சிவப்பு ஆகும். எங்களுடையது கம்பி வரைக்கும் நிறமே மாறவில்லை, கம்பியைத் தாண்டித்தான் சிவந்தது. “காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு உள்ள போய் காங்கிரீட்டோட காரத்தன்மை போயிடுச்சும்மா. அது போனா கம்பிக்குப் பாதுகாப்பு இல்ல. ஈரமும் சேர்ந்தா துரு பிடிக்கும். துரு ஊதி காங்கிரீட்டைத் தள்ளும். உன் விரிசல் கம்பி ஓடற கோட்டுலயே போகுது பாரு” என்றார். சுரண்டினால் கம்பி அடை அடையாக உதிர்ந்தது. அதன் மேல் பட்டி பூசி மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள், பாவிகள்.

அந்த ஹாமர் கதையையும் கேளுங்கள். பூச்சைக் கொத்தி எடுத்து, காங்கிரீட்டைக் கல்லால் தேய்த்துச் சமமாக்கிய பிறகுதான் தட்ட வேண்டுமாம். இவர்கள் பெயின்ட் மேலேயே தட்டினார்கள். இப்படிக் காரத்தன்மை போன, அதாவது கார்பனேட் ஆன காங்கிரீட்டில் மேல்பரப்பு இறுகிப்போய் நம்பர் உள்ளதைவிட அதிகமாகவே காட்டுமாம். கோர், அதாவது காங்கிரீட்டிலிருந்து உருளையாக ஒரு துண்டு, வெட்டி எடுத்துச் சோதிக்காமல், ரிப்போர்ட்டில் ‘எம் 25 (காங்கிரீட்டின் பலத்தைக் குறிக்கும் தரம்), நல்ல நிலை’ என்று எழுதியிருக்கிறார்கள்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், ஹாலுக்கு முட்டுக் கொடுக்க ஆள் வந்துவிட்டார். அவசரமாகச் சொல்கிறேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்காதவரை வீட்டுக்குள் விடாதீர்கள். கையெழுத்தும் பதிவு எண்ணும் உள்ள ரிப்போர்ட் கைக்கு வந்து, அதைப் படித்த பிறகுதான் ரிப்பேர் பேச்சு. ஆய்வு செய்கிறவரிடமே ரிப்பேர் வேலையைக் கொடுக்காதீர்கள். ஓடிபி கொடுக்காதீர்கள். 68,000 ரூபாய்க்கு பில் இருக்கிறது, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன், பணம் வரும்வரை விடப்போவதில்லை.