நெல் கொள்வனவுக் கணக்குக்கு ஜாங்கோவா, எஸ்கியூஎல்அல்கெமியா?

கிளிநொச்சிப் பக்கம் காலபோக அறுவடை தொடங்கிவிட்டால் நெல் வாங்கும் களஞ்சியங்களில் மூச்சுவிட நேரமிருக்காது. ஒரு தராசுச் சீட்டைப் பதிந்தால் தரவுத்தளத்தில் மூன்று அட்டவணைகள் மாற வேண்டும்: சீட்டு, கமக்காரரின் கணக்கு, களஞ்சிய இருப்பு. இரண்டு மாறி ஒன்று மாறாமல் நின்றால், அன்றிரவு மூட்டை எண்ணித்தான் கணக்கை நேராக்க வேண்டும். இந்த வேலைக்கு ஜாங்கோ, எஸ்கியூஎல்அல்கெமி என்ற இரண்டு பைதான் ஓஆர்எம்களையும் (நிரலின் பொருள்களைத் தரவுத்தள அட்டவணைகளோடு இணைக்கும் கருவிகள்) வைத்துப் பார்த்தேன்.

ஜாங்கோவில் 'சேவ்' என்றதுமே எஸ்கியூஎல் கட்டளை தரவுத்தளத்துக்குப் போய்விடும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒவ்வொரு சேவும் தனித்தனியே கமிட் ஆகும், அதாவது நிரந்தரமாகப் பதிவாகும். மூன்றையும் ஒரே கட்டாகக் கட்ட, 2013இல் வந்த 1.6 பதிப்பிலிருந்து 'அட்டாமிக்' இருக்கிறது. படிக்கவும் எளிது, புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் எளிது.

எஸ்கியூஎல்அல்கெமியில் 'ஆட்' என்றால் பொருள் செஷனில் (மாற்றங்களை நினைவகத்தில் சேர்த்து வைக்கும் இடம்) காத்திருக்கும், அவ்வளவுதான். ஃபிளஷ் வரும்போதுதான் எஸ்கியூஎல் போகும். கமிட் அதற்கும் அடுத்த படி. இடையில் நாம் ஏதாவது தேடினால் அது தானாகவே முதலில் ஃபிளஷ் செய்துவிடும். பாதி நிரப்பிய சீட்டோடு விலைப்பட்டியலைத் தேடப்போய், கட்டாயப் புலம் வெறுமையென்று பிழை வந்து முதல்நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அந்தத் தேடலை மட்டும் 'நோ ஆட்டோஃபிளஷ்' தொகுதிக்குள் வைத்ததும் சரி.

என் மனதை மாற்றியது ரோல்பேக், அதாவது பிழை வந்தால் செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவது. ஜாங்கோவில் எழுதிய முதல் வடிவத்தில், ஒரு ஐயாவின் நிலுவை 120,000 ரூபா. புதிய சீட்டு 96,000. அந்த நெல்லினத்துக்கு இருப்பு அட்டவணையில் ஒரு வரி இன்னும் திறக்கப்படாததால் மூன்றாவது படியில் பிழை வந்தது. தரவுத்தளம் ஒழுங்காகப் பின்வாங்கி 120,000இலேயே நின்றது. ஆனால் நினைவகத்தில் இருந்த கணக்குப் பொருள் 216,000ஐ அப்படியே வைத்திருந்தது; பிழையைப் பிடித்தபின் என் நிரல் திரையில் காட்டியதும் அதைத்தான். மேசையிலிருந்த தங்கச்சி அதை வாசித்துச் சொல்ல, ஐயா தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த நாள் அவருக்கு விளங்கப்படுத்த எனக்கு வாய் வரவில்லை.

ஜாங்கோவில் பொருளின் புலங்கள் ரோல்பேக்கோடு தாமாகத் திரும்புவதில்லை. நாம்தான் 'ரிஃப்ரெஷ் ஃப்ரம் டிபி' அழைக்க வேண்டும். எஸ்கியூஎல்அல்கெமியோ ரோல்பேக் ஆனதும் செஷனில் உள்ள பொருள்களின் மதிப்புகளைக் காலாவதியாக்கி, அடுத்த முறை தொடும்போது தரவுத்தளத்திலிருந்தே எடுத்துவரும்.

ஆகவே தராசு மேசைக்கு என் தெரிவு எஸ்கியூஎல்அல்கெமி. கமக்காரர் பதிவு, காணி விபரம் போன்ற ஒற்றை அட்டவணைப் படிவங்களுக்கு ஜாங்கோவே போதும்.

ஒரு கவனம் மட்டும். செஷனில் முதல் தேடலோடு ட்ரான்சாக்ஷன் (ஒன்றாகவே பதிவாகும் மாற்றங்களின் கட்டு) திறந்து, கமிட்வரை திறந்தே கிடக்கும். இருப்பு வரியை ஃபிளஷ் செய்துவிட்டு வங்கிக் கணக்கு இலக்கம் கேட்டுக்கொண்டிருந்தால், அந்த வரி பூட்டப்பட்டிருப்பதால் அதை மாற்ற வரும் பக்கத்து மேசை காத்துக்கிடக்கும். இப்போது கேள்வியெல்லாம் முடிந்து, நெல்லும் தராசிலிருந்து இறங்கியபிறகே செஷனைத் திறக்கிறேன்.