விளைநிலத்தில் சூரிய மின்சாரம்: பரப்பலா, பந்தலா, வேலியா?

மூன்று வழிகளையும் ஒரு வருடம் மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டுவிட்டு, கடைசியில் வேலி மாதிரி நிமிர்ந்து நிற்கும் பேனலைத்தான் எங்கள் நிலத்தில் நட்டோம். அதனால் இதை நடுநிலையான ஒப்பீடு என்று சொல்லமாட்டேன்.

முதல் வழி, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவது. தாழ்வாக, நெருக்கமாகப் பேனல்களைப் பரப்புவார்கள். யூனிட் செலவு இதில்தான் குறைவு, நமக்கும் வேலை இல்லை. விளையாத கல்லாங்காடு, கைவிட்ட குவாரி என்றால் இதையே செய்யுங்கள், மேற்கொண்டு படிக்க வேண்டாம். ஆனால் ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் போகும். விளையும் மண்ணாக இருந்தால் அத்தனையும் இருபத்தைந்து வருடம் சாகுபடியிலிருந்து கழன்றுவிடும். ஆடு மேய்க்கலாம், அவ்வளவுதான். எங்களுக்கு வந்த குத்தகைப் பத்திரத்தில், காலம் முடிந்தபின் கம்பத்தையும் கான்கிரீட்டையும் கேபிளையும் யார் செலவில் பிடுங்குவது என்று ஒரு வரிகூட இல்லை. அத்தோடு அதை மூடிவைத்தேன்.

இரண்டாவது, பந்தல். ஆளுயரத்துக்கு மேலே பேனல், கீழே பயிர். 1980-களின் தொடக்கத்திலேயே ஜெர்மனியில் கோட்ஸ்பெர்கர், சாஸ்ட்ரோ என்ற இருவர் எழுதிவைத்த யோசனைதான். அந்நாட்டின் ஹெகல்பாக்கில் 2016-இல் ஐந்து மீட்டர் உயரத்தில் கட்டிப் பார்த்தார்கள். 2017-இல் பந்தலடியில் கோதுமையும் உருளைக்கிழங்கும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. மறுவருடம் கடும் வெயிலும் வறட்சியும். அப்போது அதே நிழலில் உருளை திறந்தவெளியைவிடச் சுமார் 11 சதவீதம் கூடுதலாக விளைந்தது. ஆக, வெயில் வாட்டும் இடத்தில், கீரை, இஞ்சி மாதிரி நிழல் தாங்கும் பயிர் வைப்பவருக்குப் பந்தல் பொருந்தும். மக்காச்சோளம், கரும்புக்கு நிழல் ஆகாது. அவ்வளவு உயரத்துக்கு இரும்பு வாங்கும் செலவுதான் எங்களைத் தடுத்தது. மழையில் பேனல் விளிம்பிலிருந்து ஒரே கோட்டில் கொட்டும் தண்ணீர் மண்ணை அறுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இனி வேலி. இரு பக்கமும் வெளிச்சம் வாங்கும் பேனல்கள் கிழக்கும் மேற்கும் பார்த்து நிற்கும். உற்பத்தி காலையிலும் மாலையிலும் ஏறி, நண்பகலில் இறங்கும். எல்லோருடைய பேனலும் மதியம் மின்சாரத்தைக் கொட்டும் காலத்தில் இது குறையே இல்லை. நிமிர்ந்து நிற்பதால் தூசியும் அதிகம் தங்காது. பரப்பல் முறையில் அதே நிலத்தில் கிடைக்கும் திறனில் பாதிகூட வராது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது வெளிச்சமும் அல்ல, விலையும் அல்ல, டிராக்டர். வரிசைக்கு வரிசை எவ்வளவு இடைவெளி என்பதைப் பேனல்காரர் சொல்லக்கூடாது. உங்களிடம் உள்ளதிலேயே அகலமான கருவி சொல்ல வேண்டும். விதைப்பான், மருந்துத் தெளிப்பான், அறுவடை இயந்திரம் மூன்றையும் அளந்து, அந்த அகலத்தின் முழு மடங்காக இடைவெளி வைத்து, கண்ணாடியில் உரசாமல் இருக்க இருபுறமும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். வரிசை முடியும் இடத்தில் வண்டி திரும்பவும் இடம் வேண்டும். பலர் வரிசையை வரப்புவரை இழுத்துவிட்டு, பிறகு பின்னோக்கியே ஓட்டி வருகிறார்கள். கேபிளைக் கலப்பை தொடாத ஆழத்தில் புதைக்கச் சொல்லி, அது போகும் தடத்தை வரைபடமாக வாங்கி வையுங்கள்.

அப்புறம் களை. கம்பத்தடியில் ஒரு முழ அகலத்துக்குக் கலப்பை போகாது. அந்தப் பட்டையில் முளைப்பதெல்லாம் கீழ்ப் பேனலை மறைக்கும். கயிறு சுழலும் புல்வெட்டியை அங்கே ஓட்டினால் கல் தெறித்துக் கண்ணாடி போகும். எங்களுக்கு ஒன்று போனது. இப்போது கை அரிவாள்தான். இதற்கான ஆள்கூலியை ஆரம்பக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

விதிகளையும் முன்கூட்டியே பாருங்கள். விளைநிலத்தில் பயிரோடு பேனலும் வைக்க ஜப்பான் 2013-இல் வழிவிட்டபோது, விளைச்சல் அந்தப் பகுதியின் சராசரியில் 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்றது. ஜெர்மனியின் 2021 தரக்குறிப்பு 66 சதவீதம் கேட்கிறது. உங்கள் இடத்தில் எண் எதுவாக இருந்தாலும், பேனல் போடும் முன் இரண்டு மூன்று பருவத்து விளைச்சலை எழுதி வைத்திருந்தால்தான் பின்னால் காட்ட முடியும்.

நாங்கள் பார்த்தது இரண்டு அறுவடைதான். வரிசையோரப் பயிர் சற்றுக் குட்டையாகத்தான் நிற்கிறது. அது நிழலாலா, கம்பம் அடித்தபோது மண் இறுகியதாலா என்று இன்னும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பத்து மீட்டர் இடைவெளி விட்டிருக்கிறோம். அடுத்த துண்டில் போட்டால் பன்னிரண்டு விடுவேன்.